கம்பெடுத்த கை பாடம் நடத்தாதா?

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகனுக்குப் பார்த்திருந்த சம்பந்தம் முறிந்துபோனது. பையன் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். குடி கிடையாது, கடன் கிடையாது. ஜாதகம் பொருந்தி, பூ வைக்க நாள் குறிக்கிற வரைக்கும் வந்துவிட்டோம். ராயகிரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெண்ணின் தகப்பனார் கேட்டார்: “எல்லாம் சரிதான் அண்ணாச்சி. மாப்பிள்ளை தினமும் கம்பு சுத்துறாராமே? வாத்தியார் உத்தியோகத்துக்கு அது ஒத்துவருமா? நாளைப்பின்ன வீட்ல கை நீளாதுன்னு என்ன நிச்சயம்?”

நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: “ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைக்கப்பிடாது. ஒண்ணு புத்தகத்த எடுக்கணும், இல்ல கம்ப எடுக்கணும்.”

நானும் வாத்தியார்தான். இருபது வருடமாக விடியலில் கம்பும் பகலில் சாக்பீஸும் பிடிக்கிறவன். இந்தப் பேச்சை டீக்கடையில் கேட்டிருக்கிறேன், ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தும் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் சிரித்து நகர்ந்தேன். இந்த முறை ஒரு நல்ல பையனின் வாழ்க்கையில் அது குறுக்கே வந்து நின்றுவிட்டது. இனியும் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

முதலில், இந்தச் சீமையில் சிலம்பம் கற்றுத் தருகிறவரை என்னவென்று கூப்பிடுகிறோம்? வாத்தியார். கோயில் கொடையில் கம்பு வீச வந்தவருக்குத் துண்டு போர்த்தும்போது என்ன சொல்கிறோம்? சிலம்ப வாத்தியார். சிலம்பம் தெரிந்த எம்.ஜி.ஆரை ஒரு தலைமுறையே வாத்தியார் என்றுதான் கூப்பிட்டது. எழுத்துச் சொல்லித் தருகிறவருக்கும் கம்பு சொல்லித் தருகிறவருக்கும் நம் பாட்டன்மார் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் மட்டும் உங்களுக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது?

கராத்தே என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மாசச் சம்பளம் கட்டி, வெள்ளை உடுப்பு வாங்கிக் கொடுத்து, பிள்ளையை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விடுகிறார்கள். அந்தக் கராத்தேயை உலகறியச் செய்த ஃபுனகோஷி கிச்சின் யார்? ஒகினாவா தீவில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். 1868-இல் பிறந்தவர். சின்ன வயதில் நோஞ்சான். 1888-இல் தொடக்கப் பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து ஏறத்தாழ முப்பது வருடம் பாடம் நடத்தினார். பகலெல்லாம் பள்ளிக்கூடம், ராத்திரியில் விளக்கை ஏந்திக்கொண்டு ஆசான் அசாடோவின் வீட்டுக்கு நடை. அந்த வீட்டு முற்றத்தில் ஒரே அடவை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வார். ஆசான் போதும் என்று சொல்லாமல் அடுத்த அடவு கிடையாது. விடியுமுன் வீடு திரும்பும் அவரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் என்ன பேசினார்கள் தெரியுமா? தாசி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறான் என்று பேசினார்கள். தன் வாழ்க்கைக் கதையில் அவரே இதை எழுதியிருக்கிறார். ஊர் வாய் ஒகினாவாவானாலும் ராயகிரியானாலும் ஒன்றுதான். அந்த வாய்க்குப் பயந்து விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தால், 1922-இல் டோக்கியோவில் அவர் செய்துகாட்டியதும் இருந்திருக்காது. உங்கள் பிள்ளை இடுப்பில் கட்டியிருக்கும் மஞ்சள் பெல்ட்டும் இருந்திருக்காது.

அவரை ஜூடோவின் தலைமையகமான கோடோகானுக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்ன கானோ ஜிகோரோவும் வாத்தியார்தான். ஜூடோவை உருவாக்கிய அந்த மனிதர், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் டோக்கியோ உயர் கல்லூரிக்குப் பல காலம் தலைவராக இருந்தார். அந்த இருவரில் யாருக்குப் பாடம் கெட்டது? யாருக்குக் கை நீண்டது?

கை நீளும் என்கிறீர்களே, சிலம்பக் களத்தில் ஒரு நாளாவது வந்து நின்றதுண்டா? என் வாத்தியார் கையில் கம்பைக் கொடுப்பதற்கு முன் பல மாதம் வெறும் காலடிதான் போட வைத்தார். ஊருக்கு மேற்கே தென்னந்தோப்பு, காலை ஐந்து மணி, மலைப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று. வெறுங்காலில் மண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் பாதம் காப்புக் காய்த்துப்போகும். பிறகுதான் கம்பு. ஜோடி போடும்போது முழு வீச்சில் வருகிற கம்பு எதிராளியின் தோளுக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அன்றைக்கு உனக்குக் கம்பு கிடையாது, ஓரமாக உட்கார். வீசத் தெரிவது பாதிப் பாடம்தான். நிறுத்தத் தெரிவது மீதிப் பாதி. அந்த ஒரு விரற்கடையைப் பிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது.

அந்த விரற்கடை வகுப்பறைக்கும் வரும். சில வருடங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், நான் திருத்திக் கொடுத்த நோட்டை இரண்டாகக் கிழித்து என் காலடியில் எறிந்தான். வகுப்பே மூச்சடங்கிப் பார்த்தது. என் தோள்பட்டை இறுகியது எனக்கே தெரிந்தது. தோள் இறுகினால் மூச்சை விடு என்று தோப்பில் ஆயிரம் தடவை கேட்ட சொல் அந்த நேரத்தில் வேலை செய்தது. குனிந்து நோட்டை எடுத்து, மேஜையில் வைத்து, அவனை உட்காரச் சொன்னேன். சாயங்காலம் விசாரித்தால், வீட்டில் அப்பா அம்மாவை அடித்த ராத்திரிக்கு மறுநாள் அது. அன்றைக்கு நான் கை வைத்திருந்தால் அவன் கண்ணுக்கு நானும் அவன் அப்பனும் ஒன்றாகியிருப்போம்.

கம்பு பிடித்தவன் அடிப்பான் என்று பயப்படுகிற இதே பெற்றோர், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது என்ன சொல்கிறார்கள்? “கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்.” எத்தனை பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்! 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்திருக்கிறது. ஆனாலும் பிரம்பு கேட்கிறார்கள். தன்னை அடக்கத் தெரியாதவன் கையில் பிரம்பைக் கொடுக்கத் தயார். தன்னை அடக்கப் பழகியவன் கையிலிருக்கும் கம்பைக் கண்டால் பயம். வெட்கமாக இல்லையா? ஃபுனகோஷியின் அடவுகள் ஒவ்வொன்றும் தடுப்பில்தான் தொடங்குகின்றன. முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்பது அந்த வாத்தியார் சொல்லித்தந்த பாடம்.

இந்தப் பயம் நம் ஊரில் விளைந்ததும் அல்ல. கும்பெனியை எதிர்த்து நின்ற பாளையக்காரர் பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாளையங்களை ஒடுக்கிய பிறகு, 1801 டிசம்பரில் கும்பெனி அரசு பிரகடனம் போட்டு ஆயுதங்களைப் பறித்தது, கோட்டைகளை இடித்தது. 1878-இல் ஆயுதச் சட்டம். 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்து, குடிகுடியாக ஆட்களைப் போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை வைக்க வைத்தது. ஆயுதம் தொட்டவன் கலகக்காரன் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த எழுத்தை, அவன் கப்பலேறி இத்தனை காலமான பிறகும் மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில் நாம் வாசித்துக்கொண்டிருக்கிறோம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. டிவியில் பார்த்துக் கைதட்டினோம். அதைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் செய்தால் கௌரவக் குறைச்சல்.

அடுத்து, நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்கள். வட்டிக்கு விடுகிற வாத்தியாரை யாரும் கேட்பதில்லை. பிளாட் விற்பவரை, சீட்டு நடத்துபவரை, கட்சிக்காரரின் பின்னால் அலைபவரைக் கேட்பதில்லை. வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு, எமிஸ் இணையதளப் பதிவு என்று பாடவேளையைத் தின்னுகிற வேலைகளைப் பற்றி ஒரு பெற்றோர்கூட வாயைத் திறந்ததில்லை. விடியலில் ஒன்றரை மணி நேரம், யாருடைய பாடவேளையும் இல்லாத நேரம், அதில் என் உடம்பை நான் வணக்கினால் கல்வி கெட்டுவிடுமாம். நாற்பத்தைந்து வயதில் சர்க்கரையும் முட்டுவலியுமாக நாற்காலியை விட்டு எழாமல் பாடம் நடத்துகிறவர்களை நான் பார்க்கிறேன். ஏழாவது பீரியடிலும் கரும்பலகை முன்னால் நின்று பேச எனக்குத் தெம்பு இருக்கிறதென்றால் அது தோப்பு கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மாட்டேன். 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கையில் சாதிக் கயிறு கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. எங்கள் தோப்பில் அது எப்போதோ வந்துவிட்ட கட்டுப்பாடு. கயிற்றைக் கழற்றித் தென்னை மட்டையில் மாட்டிவிட்டுத்தான் கம்பைத் தொட வேண்டும். ஜோடி போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் ஒருவருக்கொருவர் சலாம் வைத்தாக வேண்டும். இந்தத் தெருப் பையனும் அந்தத் தெருப் பையனும் எதிரெதிரே குனிந்து எழுவதை வேறு எங்கே பார்க்க முடிகிறது? அதைச் சொல்லித் தருகிறவன் வாத்தியாராக இருக்கக் கூடாதென்றால் வேறு யார் இருக்க வேண்டும்?

நேற்று தரகர் திரும்பவும் வந்தார். வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு இடமாம். “கம்பு விஷயத்தை மட்டும் இப்ப சொல்ல வேண்டாம் அண்ணாச்சி, கல்யாணம் முடியட்டும்” என்றார். அவர் கையிலிருந்த விவரத்தாளை வாங்கினேன். உத்தியோகம் என்ற வரிக்கு நேரே கணித ஆசிரியர் என்று இருந்தது. அதற்குக் கீழே என் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: சிலம்பம், தினமும் காலை 5 முதல் 6.30 வரை.