சிஎஸ்ஆர் ரசீதும் தனிப்படையும்

திருச்சி தில்லை நகரில் 2012 மார்ச் 29 அதிகாலை நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய கே.என்.ராமஜெயம் வீடு திரும்பவில்லை. கல்லணை சாலையில், திருவளர்ச்சோலை அருகே சடலமாகத்தான் கிடைத்தார். அவர் திமுகவின் மூத்த தலைவர் கே.என்.நேருவின் தம்பி. உள்ளூர் போலீஸின் தனிப்படைகள் தேடின. பிறகு சிபிசிஐடி வந்தது. 2017இல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் கொடுத்தது. 2022இல் அதே நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்றை அமைத்தது. பழைய ரவுடிகள் பலரைச் சென்னைக்கு வரவழைத்து உண்மை கண்டறியும் சோதனையும் நடத்திப் பார்த்தார்கள். 2021இல் அண்ணன் அமைச்சரும் ஆனார். பத்தாண்டு கடந்தும் கொலையாளி யார் என்பது தெரியவில்லை.

“பணமும் பதவியும் இருந்தா நீதி தானா வந்துடும் சார்” என்று ஆழ்வார்பேட்டை டீக்கடையில் யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வரும். செல்வாக்கு கொலையாளியைப் பிடித்துத் தந்துவிடாது. ஆனால், ஒன்றை நிச்சயம் செய்யும்: கோப்பை மூட விடாது. ஒரு விசாரணை அமைப்பு கைவிட்டால் இன்னொன்றைக் கேட்கலாம். அதற்கு வக்கீல் வைக்கலாம், ரிட் மனு போடலாம், பத்து வருடம் காத்திருக்கலாம். நம் நீதி அமைப்பில் ஏற்றத்தாழ்வு இருக்கும் இடம் இதுதான் என்பது என் கட்சி. துப்புத் துலக்கும் திறமைக் குறைவு எல்லோருக்கும் பொது. அதை எதிர்த்து நிற்கும் வசதி மட்டும் சிலருக்கு.

இதே ஆழ்வார்பேட்டையின் பின்தெருக்களில் குடியிருந்து, நான்கு அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண்ணின் மூன்று பவுன் சங்கிலி போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்தில் அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “எஃப்ஐஆர் போட்டா கோர்ட்டு கோர்ட்டா அலையணும்மா. சிஎஸ்ஆர் வாங்கிட்டுப் போ, கிடைச்சா கூப்பிடுறோம்.” புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுக்கும், மடித்து மடித்து ரவிக்கைக்குள் கைப்பர்ஸில் வைத்திருக்கும் அந்தச் சிஎஸ்ஆர் ரசீதில் ஓர் எண் இருக்கும், தேதி இருக்கும், முத்திரை இருக்கும். வழக்கு மட்டும் இருக்காது. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை (எஃப்ஐஆர்) பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இல் தீர்ப்பளித்தது. விதிவிலக்குகள் மிகச் சில. தீர்ப்பு வந்து பத்தாண்டுக்கு மேலாகியும் சிஎஸ்ஆர் ரசீதுக்கு மவுசு குறையவில்லை. காரணம் எளிது: பதிவாகாத குற்றம் ‘துப்புத் துலங்காத குற்றம்’ என்ற கணக்கில் வராது.

இதற்கு நேர்மாறான காட்சியை 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் பார்த்தோம். கோயிலுக்கு வந்தவர் நகை காணவில்லை என்று புகார் சொன்னார். உடனே தனிப்படை இறங்கியது. கோயில் காவலாளி அஜித்குமார் அந்தப் படையின் பிடியில் அடிபட்டே செத்தார். திருட்டுக்கு முதல் தகவல் அறிக்கைகூட இல்லாமல் தனிப்படை யார் சொல்லி விசாரித்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். ஒரு நகைக்குச் சிஎஸ்ஆர் ரசீது. இன்னொரு நகைக்குத் தனிப்படை. இரண்டிலும் இல்லாதது முதல் தகவல் அறிக்கை. சட்டம் இல்லாத இடத்தில்தான் அலட்சியமும் அத்துமீறலும் சேர்ந்து வளர்கின்றன.

சரி, பதிவான வழக்குகளாவது ஒழுங்காக விசாரிக்கப்படுகின்றனவா? சென்னைக் காவல் நிலையங்களில் சட்டம் ஒழுங்குக்கு ஓர் ஆய்வாளர், குற்றப் பிரிவுக்கு ஓர் ஆய்வாளர் என்று பிரித்திருக்கிறார்கள். வெளியாருக்குத் தெரியாத விஷயம், கொலை வழக்கு பெரும்பாலும் சட்டம் ஒழுங்கு ஆய்வாளரிடம்தான் போகும். திருட்டு, கொள்ளை, ஆதாயக் கொலை ஆகியவைதான் குற்றப் பிரிவுக்கு. ஊர்வலம், மறியல், கோயில் திருவிழா, விஐபி வருகை எல்லாவற்றுக்கும் பந்தோபஸ்து பார்க்கிற அதே அதிகாரி, நடுவில் நேரம் கிடைக்கும்போது கொலைக்குச் சாட்சியும் தேட வேண்டும். ஆழ்வார்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அமைச்சர்களும் நீதிபதிகளும் போய்வரும் வட்டாரம் இது. டிடிகே சாலையில் ஒரு கான்வாய் போவதற்குள் எத்தனை சீருடைகள் வெயிலில் நிற்கின்றன என்று தினமும் பார்க்கிறோம். புலனாய்வைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்கச் சொல்லி பிரகாஷ் சிங் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லா அரசுகளும் தலையாட்டின.

கேமரா இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் நமக்கு உண்டு. ‘மூன்றாவது கண்’ என்று தெருத் தெருவாகக் கேமரா பொருத்தினோம். பக்கத்திலேயே ராஜா அண்ணாமலைபுரத்தில் 2013 செப்டம்பரில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டப்பட்டார். வெட்டும் காட்சி கேமராவில் பதிவானது, ஊரே பார்த்தது. 2021இல் விசாரணை நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனையும் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2024இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. தூக்கிலிருந்து விடுதலை வரைக்கும் ஊசலாடுகிறது ஒரே சாட்சியத் தொகுப்பு. நீதிபதிகளைத் திட்டுவதில் பயனில்லை. வழக்கு அவர்கள் முன் எப்படித் தைத்துக் கொண்டுவரப்பட்டது என்பதுதான் கேள்வி.

இதில் நாம் மட்டும் தனி இல்லை. அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்தில் பத்துக் கொலைகளில் ஒன்பதுக்குத் துப்புத் துலங்கியது. 2020களின் தொடக்கத்தில் அது ஏறக்குறையப் பத்துக்கு ஐந்தாகச் சரிந்தது. அங்கும் ஏழைகளின், கறுப்பினத்தாரின் தெருக்களில்தான் துலங்காத கொலைகள் அதிகம்.

கோப்பைத் திறந்து வைக்க ஏழைகளால் முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. ஆனால், தனி ஆளாக அல்ல. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் வனத் துறையும் போலீஸும் வருவாய்த் துறையும் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அரசு மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றதால் வழக்கு சிபிஐக்குப் போனது. 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29இல். முப்பத்தோரு வருடம். பின்னால் நிற்க ஓர் இயக்கம் இல்லாத பெண்ணுக்கு, மூன்று பவுன் சங்கிலிக்கு, இது நடக்குமா?

திறந்திருக்கும் கோப்பும் சில நேரம் வேறு பக்கம் திரும்பிவிடும். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஈராண்டுக்குப் பிறகு, 2025 ஜனவரியில், அந்த மக்களைச் சேர்ந்த மூன்று பேர் மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால், அந்த ஊர் மக்கள் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று அரசு தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை போன இடத்தில்தான் துப்பாக்கிக்குக் கைதட்டல் எழுகிறது. பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் கொல்லப்பட்டார். கைதானவர்களில் ஒருவர் ஒன்பதாவது நாளே மாதவரம் அருகே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். படித்தவர்கள் நிறைந்த நம் வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் ‘சபாஷ்’கள் பறந்தன. ஹைதராபாதில் 2019இல் பாலியல் வன்கொடுமைக் கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது பூ தூவினார்கள். அது திட்டமிட்ட சுடுதல் என்று நீதிபதி சிர்புர்கர் ஆணையம் 2022இல் சொன்னபோது பூ தூவியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. செத்தவன் சாட்சி சொல்ல மாட்டான். அவனை ஏவியவர் யார் என்பதும் அவனோடு போய்விடும். என்கவுன்ட்டரும் ஒருவகையில் கோப்பை மூடும் வேலைதான்.

போலீஸைப் பிரிக்க வேண்டும், தடய அறிவியலுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் அரசின் வேலை. அதை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. அதுவரை காத்திராமல் புகார்தாரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று போலீஸ் வழக்கை முடித்தால், புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்காமல் மாஜிஸ்திரேட் அதை ஏற்கக் கூடாது என்று பகவந்த் சிங் வழக்கில் 1985லேயே தீர்ப்பு இருக்கிறது. அதை எதிர்த்து மனுப் போடவும் உரிமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆவது பிரிவு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் பழைய சிஎஸ்ஆர் ரசீது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், நாளைக் காலை அவரோடு காவல் நிலையம் வரை போய் எஃப்ஐஆர் எண்ணைக் கேளுங்கள். 90 நாள் கழித்து இன்னொரு முறையும் போங்கள்.