விரைவு வேண்டுமா? மெல்லத் தொடங்கு!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பது முன்னோர் மொழி. அடிமேல் அடி விழுந்தால் கிட்டார் தந்தியும் பாடும் என்பது நான் கண்ட உண்மை.

கிட்டாரில் ஒருமுறை மீட்டிய ஒலி விரைவில் தேய்ந்துவிடும். வயலினைப் போல வில்லால் இழுத்து நீட்ட வழியில்லை. ஆகவே 'பிக்' என்னும் சிறு தகட்டால் ஒரே தந்தியைக் கீழும் மேலுமாக இடைவிடாது மீட்டி, சுரம் நீண்டு ஒலிப்பதுபோல் செய்கிறார்கள். இதுவே 'டிரெமொலோ'. மாண்டலின் கலைஞர்களும் கையாளும் உத்தி இது. நிமிடத்திற்கு 120 தாளத்தட்டு, தட்டுக்கு 4 மீட்டு என்றால், வினாடிக்கு 8 மீட்டு!

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலத்திற்குப் பேருந்தேறிப் படிக்க வரும் நான், பழைய கிட்டார் ஒன்றை வாங்கிய அன்றே அந்த எட்டையும் எட்டிவிடத் துடித்தேன். விளைவு? முழங்கை இறுகியது, தோள் வலித்தது, ஒலியோ தகர டப்பாவில் கல் உருண்டதுபோல் இருந்தது. "பட்டம் வாங்கப் போன பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று அம்மா வருந்தினார்.

வழிகாட்டியவர், பீங்கான் சூளையில் வேலை செய்யும் என் தந்தையே. "ஈரம் காயாத பாண்டத்துக்குச் சட்டுனு சூடு ஏத்தினா வெடிச்சிடும் தம்பி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்" என்றார். உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பாண்டத்தைப் பிளக்கும் என்பது நான் படித்த பாடம். பொறுமை அவர் படித்த பாடம்.

அன்றே 60 தட்டு, தட்டுக்கு 2 மீட்டு என்று குறைத்தேன். பிக்கின் நுனி மட்டும் தந்தியைத் தொட, மணிக்கட்டு மட்டும் சிறிதே அசைய, கீழ்மீட்டும் மேல்மீட்டும் ஒத்து ஒலிக்கும்வரை வேகத்தைக் கூட்டவில்லை. ஆறு மாதங்களில் 100 தட்டுக்கு வந்திருக்கிறேன், தட்டுக்கு 4 மீட்டாக. எட்டை இன்னும் எட்டவில்லை; ஆனால் ஒலி அறுபடுவதில்லை.

கிட்டார் நகரத்துச் செல்வர்க்கே உரியது என்பாருண்டு. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்று, கிட்டார் கலைஞராகவும் உழைத்த பிறகே 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார் என்பதை அவர்கள் மறக்கலாமா?

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நமக்கு, எதையும் விரைந்து முடித்து வேலைக்கு ஓடவேண்டும் என்ற பதற்றம் உண்டு. அது குற்றமன்று. ஆனால் பதற்றம் கையை இறுக்கும், கருத்தையும் இறுக்கும். மாலையில் ஒரு மணி நேரம், ஓர் அறை, ஓர் இசையாசிரியர் – அரசு கல்லூரிகளில் இவை கிடைத்தால் எத்தனை கைகள் இசை பேசும்!

தோழர்களே, மெல்லத் தொடங்குவோம், விடாது மீட்டுவோம். அம்மி நகரட்டும்!