பாதி வழியில் இறங்கியோர்

நோபல் பரிசு பெற்றோரின் பெயர்களை நம் பிள்ளைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். அப்பட்டியலில் இடம்பெறாத ஒருவரைப் பற்றி இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

டக்ளஸ் பிராஷர் என்பவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர். வட பசிபிக் கடலில் வாழும் ஒருவகைச் சொறிமீனின் உடலில் பச்சை ஒளி வீசும் புரதம் ஒன்று உண்டு. அதனை உருவாக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1992-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அம்மரபணுவை வேறு உயிர்களின் உயிரணுக்களில் சேர்த்தால், உயிருள்ள உடலுக்குள் நிகழ்வனவற்றைக் கண்ணாலேயே காணலாம் என்பது அவரது நம்பிக்கை. ஆனால் அதைச் செய்து காட்டுமுன் ஆய்வுக்கான நிதி தீர்ந்தது. மீண்டும் விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. அவர் வேறு வேலை தேடினார். எனினும், தாம் கண்டதைப் பூட்டி வைக்கவில்லை. மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியன் என்னும் அறிஞர்கள் கேட்டபோது மரபணுவை மனமுவந்து அனுப்பி வைத்தார்.

அப்புரதத்தை முதலில் கண்டறிந்த ஒசாமு ஷிமோமுராவுக்கும், சால்ஃபிக்கும், சியனுக்கும் 2008-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்நாளில் பிராஷர் அலபாமா மாநிலத்தில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் வண்டி ஓட்டுநர். வண்டியைப் பழுதுபார்க்க விட்டுச் செல்வோரை வீட்டில் கொண்டு சேர்ப்பது அவர் பணி.

இவரிடம் அறிவு குறைந்ததா? ஆர்வம் குறைந்ததா? இரண்டும் இல்லை. குறைந்தது காலமும் பணமுமே. இயற்கை தன் இரகசியத்தைத் தவணை பார்த்து வெளியிடுவதில்லை. நிதியோ இரண்டு, மூன்று ஆண்டுத் தவணையில்தான் வருகிறது. முனைவர் பட்டம் பெற்ற பின்னரும் நிலையான பணியின்றி ஊர் ஊராகப் பெயர வேண்டியுள்ளது. மணமும் மக்கட்பேறும் வாய்க்கும் வயதும் அதுவே. பெற்றோரின் முதுமையும் அப்போதுதான் கதவைத் தட்டுகிறது. பெண்களுக்கு இச்சுமை இருமடங்கு. ஆய்வுக்கூடத்தை விட்டு விலகுவோரிற் பலர் அறிவியலை வெறுத்து விலகுவதில்லை. அன்புடையோரைத் தாங்கும் கடமைக்காகவே விலகுகின்றனர்.

அப்படித் திரும்பி வரும் மகனையோ மகளையோ நம் இல்லங்கள் எவ்வாறு வரவேற்கின்றன? "இத்தனை ஆண்டு படித்து என்ன கண்டாய்?" என்ற கேள்வி எத்தனை உள்ளங்களைச் சுட்டிருக்கிறது! வங்கியிலோ பள்ளியிலோ வேலைக்கு அமர்ந்தவரைத் தோற்றவர் என்று உறவினர் நடுவே சொல்வதும் உண்டு. பெற்றோரே, அச்சொல்லை நாம் விட்டுவிடுவோம். ஆய்வில் தொடர்வோரிடமும், "எப்போது முடிப்பாய்?" என்பதற்கு மாறாக, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்போம்.

சால்ஃபியும் சியனும் பிராஷரை மறக்கவில்லை. தம் செலவில் அவரைப் பரிசளிப்பு விழாவுக்கு அழைத்துச் சென்றனர். 2012-ஆம் ஆண்டில் சியன் தம் ஆய்வுக்கூடத்திலேயே அவருக்குப் பணி அளித்தார். விதைப்பவனும் அறுப்பவனும் ஒன்றாய் மகிழ்வதைப் பற்றி நம் ஆண்டவர் சீடரிடம் பேசியதை அருளப்பர் நற்செய்தியில் வாசிக்கிறோம். அறுவடை நாளில் விதைத்தவனைத் தேடிச் சென்று அழைக்கும் நெஞ்சம் நமக்கும் வாய்க்க வேண்டுவோம்.