மாடி உயரட்டும், சேரி விலக வேண்டாம்

தாம்பரம் தொடங்கி செங்கல்பட்டு வரை ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் பழைய ஓட்டு வீடுகள் இடிபடுகின்றன, அடுக்குமாடிகள் எழுகின்றன. இதை நாம் எதிர்க்கவில்லை. மக்கள் பெருகுகிறார்கள், நிலம் பெருகாது. ஏரியையும் வயலையும் தூர்த்து மனை போடுவதைவிட, ஊரின் நடுவில் இருக்கும் இடத்திலேயே கூடுதல் வீடு கட்டுவது நல்லது. அந்த வீடுகளில் யார் குடியேறப்போகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

ஊரின் நடுவிடம் தலைமுறை தலைமுறையாக நமக்கு மறுக்கப்பட்ட இடம். கிராமத்தில் கடைத்தெருவும் குளமும் பள்ளியும் ஊருக்குள் இருக்கும், நாம் ஊருக்கு வெளியே இருப்போம். நகரம் இந்தக் கணக்கை ஓரளவு மாற்றியது. ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருந்தால், விடியற்காலையில் பணிக்குப் போகும் தூய்மைப் பணியாளர் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். நான்கு வீடுகளில் வேலை செய்யும் பெண் மதியம் வந்து பிள்ளைக்குச் சோறு போடலாம். மாணவர்கள் பேருந்துக்குக் காசில்லாமல் கல்லூரியை விட்டு நிற்க வேண்டியதில்லை.

ஆனால், கூடுதல் மாடி கட்டும் உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீட்டை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு மனையில் மொத்தம் எவ்வளவு சதுர அடி கட்டலாம் என்பதற்கான அளவு அது. தமிழ்நாட்டின் 2019 கட்டிட விதிகளின்படி சாதாரணக் கட்டிடத்துக்கு அது 2. அதாவது, 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி கட்டலாம். அதற்கு மேல் கட்டணம் செலுத்தி கூடுதல் பரப்பு வாங்கலாம். அந்தக் கூடுதல், மனைக்கு முன்னுள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டராவது இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 30 அடி. எந்தச் சேரித் தெரு 30 அடி அகலம்? நம் தெருக்களைக் குறுக்கி வைத்தது யார்? ஊர்த்தெருக்காரர் நிலத்தின் விலை ஏறுகிறது, நம் நிலம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

நமக்கென அரசு கட்டிய அடுக்குமாடிகள் எங்கே இருக்கின்றன? 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு தளங்களில் வீடு கட்டித் தந்தார்கள். பிறகு பாதை மாறியது. கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேல், செம்மஞ்சேரியில் 6 ஆயிரத்துக்கும் மேல், பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேல் வீடுகள். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் நகரத்தின் நடுவில் வாழ்ந்தவர்களை அள்ளிக்கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். பெரும்பாக்கத்தில் தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடிகள். மின்தூக்கி நின்றுபோனால் வயதானவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்க வேண்டும். குடியேற்றிய பின்னரே பள்ளிக்கும் பேருந்துக்கும் மருத்துவமனைக்கும் மனுக் கொடுத்துப் போராடினார்கள். ஊரில்லாத இடத்தில் வீடுகளை மட்டும் அடுக்கினால் அது நகரம் ஆகாது. அரசு கட்டிய சேரி ஆகும்.

நெருக்கமாகவும் மனிதர் வாழத்தக்கதாகவும் கட்ட முடியாதா? முடியும். இந்தூரில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பு, சுமார் 85 ஹெக்டேரில் 6,500 மனைகளைக் கொண்டது. வானளாவிய கட்டிடம் எதுவும் கிடையாது. மிக ஏழைகளுக்கு அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீர் இணைப்பும் கொண்ட மனை தரப்பட்டது. கையில் காசு சேரச் சேர அவர்களே அறையும் மாடியும் கட்டிக்கொண்டார்கள். கடைத்தெருவும் நடைபாதையும் பொதுவிடங்களும் தொடக்கத்திலேயே வரைபடத்தில் இருந்தன. 1995-இல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது.

நம் ஊர்களுக்கு ஏற்ற வடிவமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தரைத்தளத்தில் கடைகள், மேலே மூன்று தளங்கள், ஒரு மாடிப்படிக்கு எட்டு வீடுகள். படிக்கட்டில் ஏறுபவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். பால்கனியிலிருந்து தெருவில் விளையாடும் பிள்ளையைப் பார்க்கலாம். இட்லிக் கடை வைக்கவும் தையல் இயந்திரம் போடவும் கீழே இடமிருக்கும்.

வடிவம் மட்டும் சாதியை ஒழித்துவிடாது என்பதும் நமக்குத் தெரியும். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதலில் ஊர் பெயர், பிறகு தெரு பெயர், கடைசியில் ‘சைவமா?’ என்ற கேள்வி வருகிறது. தனியார் அடுக்ககங்கள் மட்டும் பெருகினால் இந்தக் கேள்வியும் மாடிக்கு மாடி ஏறும். ஏழைகளுக்கான வீடுகளை வளாகத்தின் பின்புறம் தனிச்சுவருக்குள் கட்டினால் பழைய ஊரும் சேரியும் புதிய காங்கிரீட்டில் திரும்பி வரும். ஒரே வாசல், ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, குலுக்கல் முறையில் ஒதுக்கீடு என்பது இருந்தால்தான் அதை நல்ல வடிவமைப்பு என்போம்.

இந்த மாவட்டத்துக்கு நிலத்தின் கதை புதிதல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் விளைவாகவே 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தது. அந்த நிலத்தை மீட்கப் போராடித்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

எனவே நாம் கேட்பவை இவை. ரயில், பேருந்து நிலையங்களை ஒட்டிய அரசு நிலத்தில் பொது வீடுகள் கட்டி, அதில் பட்டியல் சாதியினருக்கு உரிய பங்கை ஒதுக்க வேண்டும். நகர நடுவிலுள்ள சேரிகளை அகற்றாமல், பட்டா தந்து, தெருவைச் சீர்செய்து, அங்கேயே மாடி கட்ட உதவ வேண்டும். சாலை குறுகல் என்ற காரணத்தால் அவர்களுக்குக் கூடுதல் பரப்பை மறுக்கக் கூடாது.

சென்னைப் பெருநகருக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வேலைகள் நடக்கின்றன. படித்த பிள்ளைகள் தங்கள் ஊரின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் நம் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது, அல்லது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். கட்டிடம் எழுந்த பிறகு கேட்பதைவிட, கோடு போடும்போதே கேட்பது எளிது.