கொள்ளைக்காரன் திரும்பி வந்தது பிழையா?

திரைப்படம் நாவலை விஞ்சிவிட்டது என்றொரு தீர்ப்பு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைபெற்றிருக்கிறது. நாவல், அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் மெக்கிவெர்ன் 1957 இல் வெளியிட்ட ‘ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ’. திரைப்படம், ராபர்ட் வைஸ் இயக்கத்தில் 1959 இல் அதே பெயரில் வந்தது. நாவலின் முடிவு இளகிய மனத்தாரைத் தட்டிக்கொடுத்து அனுப்பும் முடிவு என்றும், படத்தின் முடிவே சமரசமற்றது, உண்மையானது என்றும் திரைச்சுவைஞர் கூறுவர். அத்தீர்ப்பு தவறு என்பது மட்டுமன்று, அதை ஏற்றுக்கொள்வது நம்மைப் போன்ற கிறிஸ்தவ வாசகருக்கு மிகவும் வசதியானது என்பதும் என் வாதம். அந்த வசதியைத்தான் இங்கே கேள்வி கேட்க விரும்புகிறேன்.

மறைமாவட்ட இதழொன்றில் வங்கிக் கொள்ளைக் கதைக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்போர் உண்டு. குற்ற நாவல்களைப் பங்கு நூலகத்தின் படியேற விடலாகாது என்போரும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலைத் திருச்சபையே 1966 இல் கைவிட்டு, தேர்ந்து படிக்கும் பொறுப்பை நம் மனச்சான்றிடம் ஒப்படைத்துவிட்டது. படிக்காமலே கண்டிக்கும் உரிமையை அது எவருக்கும் வழங்கியதாகத் தெரியவில்லை. மேலும், இவ்வகை நாவல்கள் பாவத்தை அலங்கரிப்பதில்லை. டேஷியல் ஹாமெட், ஜேம்ஸ் கெய்ன் முதலியோர் வளர்த்தெடுத்த வறண்ட, இரக்கத்தை வெளியே காட்டாத நடையில் எழுதப்பட்டவை அவை. பாவத்தின் கூலி அவற்றில் ரொக்கமாகவே எண்ணித் தரப்படுகிறது. நம் மறையுரைகள் பல சுற்றிவளைத்துச் சொல்லத் தயங்குவதை அவை சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன.

மெக்கிவெர்ன் பிலடெல்பியா நகரின் நாளிதழில் செய்தியாளராக இருந்தவர். போலீசாரையும் குற்றவாளிகளையும் அருகிலிருந்து பார்த்தவர். அவருடைய எர்ல் ஸ்லேட்டர் பிறவிக் கொடியவன் அல்லன். அமெரிக்காவின் தென்பகுதியில் வளர்ந்து, போருக்குப் போய், திரும்பி, சிறையும் கண்டு, எங்கும் காலூன்ற முடியாமல் அலைந்து திரியும் ஒருவன். போர்க்களத்தில் பயன்பட்டவன் அமைதிக் காலத்தில் எதற்கும் பயன்படாதவனாகிப் போனான். லொரேன் என்னும் பெண் உழைத்து ஈட்டும் ஊதியத்தில் உண்டு உறங்குகிறான். அந்த அவமானம் அவனை உள்ளுக்குள் அரிக்கிறது. கொள்ளைக்கான அழைப்பு வரும்போது அவன் பேராசையால் இணங்கவில்லை. தானும் ஓர் ஆண்மகன் என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொள்ளவே இணங்குகிறான். பாவ சந்தர்ப்பத்தை விலக்கு என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அந்தச் சந்தர்ப்பம் எப்போதும் மதுக்கடை வடிவிலோ விலைமகள் வடிவிலோ வருவதில்லை. வேலையில்லாதவனின் நீண்ட பிற்பகல் வடிவிலும் வரும் என்பதை இந்நாவல் காட்டும் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய ஆன்மிக நூல்களை நான் அதிகம் கண்டதில்லை.

கூட்டாளிகளில் ஒருவன் கறுப்பினத்தவனான இங்ரம். சூதாட்டக் கடன் கழுத்தை நெரிக்க, வேறு வழியின்றி வந்தவன். அவனின்றி இத்திட்டமே இல்லை. மாலையில் வங்கிக் கதவு மூடப்பட்ட பிறகு, உள்ளே வேலை செய்வோருக்குப் பக்கத்துக் கடையிலிருந்து உணவும் காப்பியும் வரும். கொண்டுவருபவன் ஒரு கறுப்புப் பணியாள். அவனுக்காகக் கதவு திறக்கும். அவனைப் போல இங்ரம் தட்டேந்தி நின்றால் போதும்; எவரும் முகத்தை உற்றுப்பார்க்கப் போவதில்லை. இதை வாசகர்கள் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சிற்றூர் முழுவதும் தனக்குப் பணி செய்பவனின் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற உறுதியின் மீதே கொள்ளையர் தம் கணக்கைக் கட்டியெழுப்புகின்றனர்! கொள்ளைக்கு முன்பே அங்கே வேறொரு கொள்ளை நடந்து முடிந்திருக்கிறது.

ஸ்லேட்டரோ கறுப்பினத்தவரை மனிதராக மதிக்கக் கற்றவன் அல்லன். அந்த வெறுப்பு அவனுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. உலகில் எல்லாவற்றையும் இழந்த அவனிடம் எஞ்சிய ஒரே சொத்து, தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பே. அதையும் விட்டுக்கொடுக்க எவன்தான் முன்வருவான்?

இதுவரை நாவலும் படமும் பெரும்பாலும் ஒன்றாகவே செல்கின்றன. கொள்ளை இரண்டிலும் சிதைகிறது. பிரிவது அதன் பின்னர்தான்.

படத்தில் தப்பியோடும் காரின் சாவியை இங்ரமிடம் கொடுக்க ஸ்லேட்டர் மறுக்கிறான். கறுப்பனை நம்பக் கூடாது என்ற பிடிவாதத்தால் சாவி முன்னாள் போலீஸ்காரனான பர்க்கிடம் போகிறது. பர்க் சுடப்பட்டுத் தெருவில் விழ, சாவியும் அவனோடு போய்விடுகிறது. பிறகு ஸ்லேட்டரும் இங்ரமும் போலீசாரை மறந்து ஒருவரையொருவர் சுட்டபடி எண்ணெய்க் கிடங்குக்குள் ஓடி, கொள்கலன்களின் மேலேறி, அவை வெடிக்க, கருகி மாய்கிறார்கள். உடல்களை எடுக்க வந்தவர்களுக்கு எது வெள்ளையன், எது கறுப்பன் என்று பிரித்தறிய முடியவில்லை. மறுக்க முடியாத வலிமை கொண்ட காட்சிதான். சாவியின் கதை ஓர் உவமைக்கு நிகரானது என்றே சொல்வேன். படத்தைத் தயாரித்தது, இங்ரமாக நடித்த ஹாரி பெலஃபான்டேயின் சொந்த நிறுவனம். திரைக்கதையை எழுதிய ஏபிரகாம் பொலான்ஸ்கி, அரசியல் காரணத்தால் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தமையால் தம் பெயரைக்கூட அன்று போட்டுக்கொள்ள முடியவில்லை. வெறியனாக நடித்த ராபர்ட் ரயன், தம் சொந்த வாழ்வில் கறுப்பினத்தவரின் உரிமைக்காக உழைத்தவர். இவர்களின் நேர்மையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

ஆனால் நாவலில் நடப்பது வேறு. காயம்பட்ட ஸ்லேட்டரை இங்ரம் விட்டுவிட்டு ஓடவில்லை. இருவரும் ஒதுக்குப்புறமான பண்ணை வீடொன்றில் பதுங்குகிறார்கள். அங்கே நாட்கள் நகர்கின்றன. நாவல் சற்றே தொய்வதும் அங்கேதான். ஆயினும் அந்தத் தொய்வு தேவை, ஏனெனில் வெறுப்பு துப்பாக்கிக் குண்டைப் போல ஒரு கணத்தில் வெளியேறுவதில்லை. வலியிலும் பசியிலும், வேறு யாருமில்லாத தனிமையிலும் தன்னைக் கவனித்துக்கொள்பவனின் முகத்தை ஸ்லேட்டர் முதன்முறையாகப் பார்க்க நேர்கிறது. அதன் பின்னரும் அவன் புனிதனாகிவிடவில்லை. லொரேன் வரும்போது, அவளோடு புறப்பட்டு, இங்ரமைக் கைவிட்டே போகிறான். தப்பிக்கும் வழி அவனுக்குத் திறந்திருக்கிறது. போகும் வழியில்தான் அவனால் போக முடியாமல் ஆகிறது. இங்ரமுக்காகத் திரும்பி வருகிறான். வந்து உயிரை விடுகிறான். இங்ரம் பிழைக்கிறான்.

இது மலிவான கனிவா? அப்படிச் சொல்வோர், 1958 இல் ஸ்டான்லி கிரேமர் எடுத்த ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’ படத்தைத் துணைக்கு அழைப்பர். அதில் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்ட வெள்ளைக் கைதியும் கறுப்புக் கைதியும் தப்பியோடுகின்றனர். இறுதியில் சிட்னி பாய்ட்டியே ஏற்ற கறுப்புக் கைதி, ஓடும் இரயிலில் ஏற முடியாத வெள்ளைத் தோழனுக்காகத் தன் விடுதலையைத் துறந்து கீழே விழுகிறான். வெள்ளையர் கண்ணீர் மல்கினர். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் பின்னர் 1976 இல் எழுதிய நூலில், ஹார்லெம் பகுதியின் கறுப்பின இரசிகர்கள் அக்காட்சியில் சினந்து, முட்டாளே, மறுபடி இரயிலில் ஏறு என்ற பொருளில் கூச்சலிட்டதைப் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் சினம் நியாயமானது. ஒடுக்கப்பட்டவனே மன்னிக்க வேண்டும், அவனே தியாகமும் செய்ய வேண்டும், ஒடுக்கியவன் அந்தத் தியாகத்தை இரசித்துவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்றால், அது நல்லிணக்கம் அன்று. பழைய அடிமைத்தனத்துக்குச் சூட்டிய புதிய மாலை.

மெக்கிவெர்ன் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறார் என்பதை நாவலைக் குறைகூறுவோர் கவனிப்பதில்லை. இங்கே திரும்பி வருபவன் வெள்ளையன். விலை கொடுப்பவன் வெறுத்தவன். வெறுக்கப்பட்டவனுக்கு எந்த வீரமும் கட்டாயமாக்கப்படவில்லை. அவன் உயிர் பிழைத்தால் போதும். இதைக் கனிவு என்று சொல்வது சொல்லின் பொருளை மாற்றுவதாகும். இது கடனைத் திருப்பிச் செலுத்துதல். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவ அறிக்கையோடு பரிகாரத்தையும் திருச்சபை கேட்பதன் காரணம் இதுவே அல்லவா? உத்தம மனஸ்தாபம் என்று நம் முன்னோர் அழைத்தது கண்ணீரை மட்டுமன்று. நடந்த வழியே திரும்பி நடப்பதையும்தான்.

ஒரு முழு வாழ்வின் வெறுப்பு சில நாட்களில் மாறுமா என்று கேட்போர், பெரிய வெள்ளிக்கிழமை தோறும் கல்வாரியில் தொங்கிய நல்ல கள்ளனைப் பற்றிக் கேட்டு உருகுவது எப்படி? அவனுக்குக் கிடைத்தது சில மணி நேரம். அவனும் கொள்ளையனே. அவன் மனமாற்றத்தை நற்செய்தி என்கிறோம். ஸ்லேட்டரின் மனமாற்றத்தை நம்பத்தகாத முடிவு என்கிறோம். நல்ல கள்ளன் நம் இனத்தவனை வெறுத்தவன் அல்லன், நம் சாதியைத் தொட மறுத்தவனும் அல்லன் என்பதால் அவனை நம்புவது எளிதாக இருக்கிறது போலும்.

இப்போது அந்த வசதிக்கு வருகிறேன். படத்தின் முடிவு நம்மிடம் எதையும் கேட்பதில்லை. வெறுப்பு அழிவைத் தரும், சாவில் அனைவரும் சமம் என்று அது கூறுகிறது. நாம் தலையசைத்து எழுந்து வந்துவிடலாம். சமத்துவத்தைச் சாம்பலுக்கு ஒத்திவைத்துவிட்டால் உயிரோடிருக்கையில் எந்தச் சாவியையும் எவரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. நாவலின் முடிவோ காரைத் திருப்பு என்கிறது.

வேடிக்கை என்னவென்றால், தமிழகத் திருச்சபையில் சில இடங்களில் அந்தச் சாம்பல் சமத்துவத்தைக்கூட நாம் அனுமதிக்கவில்லை. இறந்தவர்களையும் சாதி பார்த்துப் பிரிக்கும் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில், 2008 மார்ச்சில், வழிபாட்டிலும் அடக்கத்திலும் நிலவிய சாதிப் பாகுபாட்டை ஒட்டி எழுந்த மோதலில் போலீசார் சுட்டு இருவர் இறந்தனர். மோதிக்கொண்ட இரு தரப்பாரும் கத்தோலிக்கர். அதற்கு முன்பே, 2003 நவம்பரில், தம்மைச் சந்திக்க உரோமை சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதி வேற்றுமை கிறிஸ்தவ வாழ்வுக்கும் நற்செய்திப் பணிக்கும் முரணானது என்று ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்திருந்தார். இந்திய ஆயர் பேரவையும் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை 2016 டிசம்பரில் வெளியிட்டு, தீண்டாமை பெரும் சமூகப் பாவம் என்று உரைத்தது. அறிக்கைகளுக்குக் குறைவில்லை. எவர் காரைத் திருப்பினார் என்பதே கேள்வி.

காலம் கனியட்டும், மக்கள் மனம் மெல்ல மாறும் என்று நம் பங்குப் பேரவைகளில் பேசுவோரை நான் அறிவேன்; நல்லவர்கள்தாம். பாதிக்கப்பட்டோர் பொறுமை காக்க வேண்டும் என்றும் அவர்களே அறிவுரை கூறுவார்கள். பாய்ட்டியே மறுபடியும் இரயிலிலிருந்து விழ வேண்டும் என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்? ஸ்லேட்டருக்கு எந்தக் காலமும் கனிந்துவிடவில்லை. குண்டுக் காயம் ஆறவில்லை, பின்னால் போலீஸ், பக்கத்தில் அவனை நேசித்த பெண், முன்னால் திறந்த சாலை. வருகிற நவம்பர் 2 அன்று, கல்லறைத் திருநாளில், சுவரின் இந்தப் பக்கம் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, அந்தப் பக்கம் யார் துயில்கிறார் என்று எட்டிப் பார்க்காமலே வீடு திரும்பப் போகிறவர்கள், அந்த நாவலின் கடைசிப் பக்கங்களை நம்பமுடியாதவை என்று சொல்வதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.