கையொப்பமும் கைநாட்டும்

கும்பகோணத்தை விட்டு மங்களூருக்கு நாங்கள் குடிபெயர்ந்து ஓராண்டு நிறையப்போகிறது. வாடகைக்கு வீடு அமைந்தது. சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு பழகிவிட்டது. துளுவும் கொங்கணியும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் கடைத்தெருவில் விலை கேட்கவும் ஒருவாறு கற்றுக்கொண்டோம். எதிர்பாராத அளவு எங்களை அலைக்கழித்தது ஒரு வங்கியைத் தேர்ந்தெடுக்கும் வேலைதான். இலக்கியம் பேசும் இடத்தில் வங்கிக் கணக்கைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஒரு மனிதரின் எழுத்தும் மானமும் இதில் அடங்கியிருப்பதால் எழுதத் துணிகிறோம்.

புதிய வங்கி எதற்கு என்று இளைய நண்பர்கள் கேட்டார்கள். கணக்கு எந்த ஊரில் இருந்தால் என்ன, கைப்பேசி இருந்தால் போதாதா என்பது அவர்கள் வாதம். எங்கள் இருவர் அளவில் அது சரியே. ஆனால் எங்களோடு எழுபத்தாறு வயது அம்மா இருக்கிறார். ரயில்வேயில் பணியாற்றி மறைந்த அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் அவருக்கு வருகிறது. மாதம் ஒருமுறை தாமே சென்று பணம் எடுத்து, பாஸ்புக்கில் வரவு பதிந்து, அதை இருமுறை படித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். ஓய்வூதியக் கணக்கைப் பழைய வங்கியிலேயே விட்டுவைத்தோம். நவம்பர் மாத வாழ்வுச் சான்றிதழை அதே வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். ஆனால் அதன் கிளை இங்கே இரண்டு பேருந்து மாறிப் போகும் தொலைவில் இருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் அவருக்கென்று ஒரு கணக்கு வேண்டியிருந்தது.

வங்கியை எதை வைத்துத் தேர்வது? பலரும் முதலில் பார்ப்பது வட்டி. சேமிப்புக் கணக்கின் வட்டியை அந்தந்த வங்கியே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2011இல் விட்டுவிட்டது. ஆனால் ஒரு லட்ச ரூபாய்க்கு ஒரு சதவீதம் கூடுதலாகக் கிடைத்தாலும் ஆண்டுக்கு 1,000 ரூபாய், மாதத்துக்கு 83 ரூபாய்தான். அடுத்தது பாதுகாப்பு. 2020 பிப்ரவரி முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு உள்ள வைப்புத்தொகையில் அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. அரசு வங்கி, தனியார் வங்கி என்ற பேதம் அதில் இல்லை. ஆக, எங்களைப் போன்ற சிறு கணக்குக்காரர்களுக்கு இவ்விரண்டும் பெரிய வேறுபாட்டைத் தருவதில்லை.

மேலும், நாங்கள் வந்து சேர்ந்திருப்பது வங்கிகளின் பிறந்தகத்துக்கு. கும்பகோணமும் 1904இல் ஒரு வங்கியைப் பெற்ற ஊர்தான். சிட்டி யூனியன் வங்கியின் தலைமையகம் இன்றும் அங்கேதான் உள்ளது. ஆனால் இந்தக் கரையோர மண் பெற்றவை பல. 1906இல் மங்களூரில் கனரா வங்கி, அதே ஆண்டு உடுப்பியில் கார்ப்பரேஷன் வங்கி, 1924இல் கர்நாடகா வங்கி, 1925இல் உடுப்பியில் சிண்டிகேட், 1931இல் விஜயா வங்கி. நொடித்துப்போன கைத்தறி நெசவாளருக்கு உதவத் தோன்றியது சிண்டிகேட். 1928இல் அது பிக்மி சேமிப்பைத் தொடங்கியது; முகவர் நாள்தோறும் வீடு தேடி வந்து இரண்டணா என்றாலும் வாங்கிச் சென்றார். விஜயா 2019இலும், சிண்டிகேட்டும் கார்ப்பரேஷனும் 2020இலும் வேறு வங்கிகளோடு இணைந்து பெயர் இழந்தன. வாடிக்கையாளரின் வாசலைத் தேடி வங்கி நடந்து வந்த ஊர் இது.

அத்தகைய ஊரில், எங்கள் தெருமுனையில் இருந்த ஒரு தனியார் வங்கிக் கிளைக்கு அம்மாவை அழைத்துச் சென்றோம். ஆதாரில் கும்பகோணம் முகவரி இருக்கிறது, உள்ளூர் முகவரிக்குச் சான்று வேண்டும் என்றார்கள். மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அதையும் பேசிச் சமாளித்தோம். பிறகு அம்மா படிவத்தில் கையொப்பமிட்டார், வழக்கம்போல் தமிழில், சற்றே சாய்ந்த எழுத்தில். அலுவலர் அதைப் பார்த்தார். தமக்கு இது படிக்க வராது, பிற்பாடு சிக்கல் வரும், இடது கைப் பெருவிரலை வைத்துவிடட்டும் என்று மைப்பெட்டியை நகர்த்தினார். அவர் குரலில் கடுமை ஏதும் இல்லை. அம்மா ஒன்றும் பேசாமல் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர், ஐம்பதாண்டுகளாகப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துத் தைத்து வைத்திருப்பவர். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

விதி என்ன சொல்கிறது? முகவரிக்கு ஒரே சான்று போதும், அது நிரந்தர முகவரியாகவும் இருக்கலாம், இப்போது வசிக்கும் இடத்தை வாடிக்கையாளரே எழுதிக் கொடுக்கலாம் என்று 2014 ஜூனிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஊர் ஊராக மாற்றலாகிறவர்களை எண்ணிச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. கையொப்பமோ எந்த மொழியிலும் இருக்கலாம். அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே தவிர, படிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் கிறுக்கப்படும் கையொப்பங்களில் எத்தனையை யாரால் படிக்க முடிகிறது?

அலுவலரின் அச்சத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். மோசடி நடந்தால் முதலில் அவர் தலைதான் உருளும். ஆனால் விதி தெரியாத அச்சத்தின் சுமையை, எதிர்த்துப் பேசத் தெரியாத முதியவர் மீது இறக்கிவைப்பது நியாயமாகாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டுக்கு வரும் தொழிலாளி தன் மொழியில் கையொப்பமிடும்போது நம் ஊர்க் கிளைகளில் அவருக்கும் மைப்பெட்டிதான் நீட்டப்படுகிறதா என்ற கேள்வியையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு தெரு தள்ளியிருந்த வேறொரு வங்கியில் கணக்கு தொடங்கினோம். பழைய கட்டடம், வரிசையும் நீளம். அங்கிருந்த அலுவலர் மூன்று இடங்களில் கையொப்பம் வாங்கி, மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு, அது என்ன பெயர் என்று அம்மாவிடமே கேட்டு, பக்கத்தில் பென்சிலால் கன்னடத்தில் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே, வேற்று மாநிலம் செல்லும் நண்பர்களுக்கு எங்கள் கருத்து இது: வங்கியைவிடக் கிளையைப் பாருங்கள். அதையும் நீங்கள் தனியே போய்ப் பார்க்காதீர்கள். வீட்டில் ஆங்கிலம் அறியாத, மெல்ல நடக்கிற, கேள்வியை இருமுறை கேட்கிற ஒருவர் இருந்தால் அவரை முன்னே அனுப்பி, நீங்கள் பின்னே நில்லுங்கள். அவரை எப்படி நடத்துகிறார்களோ, நாளை நமக்கு முடியாமல் போகும்போது நம்மையும் அப்படித்தான் நடத்துவார்கள்.

சென்ற மாதம் அம்மா அந்தக் கிளைக்குத் தனியாகவே போய் வந்தார். பாஸ்புக்கில் கன்னடத்தில் அச்சிட்டிருந்த தம் பெயரைக் காட்டி, இதில் எது முதல் எழுத்து என்று எங்களைக் கேட்டார்.