ஒரே கோபுரம் போதும், ஆனால் எதைச் செய்ய?

'தூய தொழினுட்பம்' எண்ட சொல் இப்ப எல்லா இடத்திலயும் அடிபடுது. கலைப்பீடத்தில படிக்கிற உங்களுக்கு இரசாயனத் தொழிற்சாலைக்குள்ள என்ன வேலை எண்டு கேக்கலாம். வேலை இருக்கு எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். தாக்க வடிப்பு எண்ட முறையை எடுத்துப் பார்ப்பம்.

முதலில் அதன் கெட்டித்தனத்தைச் சொல்லவேணும். மெதனோலும் அசற்றிக் அமிலமும் சேர்ந்தால் மெதைல் அசற்றேற்றும் தண்ணீரும் வரும். ஆனால் இது மீளும் தாக்கம். வந்த பொருட்கள் அங்கேயே கிடந்தால் திரும்பப் பழையபடி மாறத் தொடங்கிவிடும். பிரிக்கிறதும் லேசில்லை, மெதைல் அசற்றேற்று தண்ணீரோடயும் மெதனோலோடயும் சேர்ந்தே ஆவியாகும். அதனால் பழைய முறையில் தாக்கக் கலனுக்குப் பின்னால் எட்டு ஒன்பது வடிகோபுரங்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றையும் சூடாக்கிக் குளிராக்கச் சக்தி வேணும்.

அமெரிக்காவின் ரென்னசி மாநிலத்தில் உள்ள கிங்ஸ்போர்ட்டில் ஈஸ்ட்மன் நிறுவனம் 1980களில் இதையெல்லாம் ஒரே கோபுரத்துக்குள் அடக்கியது. மேலிருந்து அசற்றிக் அமிலம் இறங்கும், கீழிருந்து மெதனோல் ஏறும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் சல்பூரிக் அமிலத்தின் ஊக்கத்தோடு தாக்கம் நடக்கும். உண்டாகிற மெதைல் அசற்றேற்று உடனுக்குடன் மேலால் போகும், தண்ணீர் கீழால் போகும். அதனால் தாக்கம் பின்னுக்குத் திரும்பாமல் முன்னுக்கே ஓடும். முதலீடும் சக்தியும் பழைய முறையின் ஐந்திலொரு பங்களவுதான் எண்டு பொறியியல் நூல்களில் எழுதியிருக்கினம். எல்லாத் தாக்கத்துக்கும் இது சரிவராது. தாக்கம் நடக்கிற வெப்பநிலையும் வடிக்கிற வெப்பநிலையும் ஒத்துவரவேணும்.

இனி மற்றப் பக்கம். அந்த மெதைல் அசற்றேற்று நிலக்கரியில் இருந்து வந்தது. அது அசற்றிக் நீரிலியாகி, பிறகு செலுலோசு அசற்றேற்றாகி, படச்சுருளுக்கும் சிகரெட் பில்டருக்கும் போனது.

இன்னொரு கதை இதைவிட மோசம். பெற்றோல் நல்லா எரிஞ்சு காற்றுச் சுத்தமாகட்டும் எண்டு எம்.ரி.பி.ஈ. என்ற பொருளைக் கலந்தார்கள். அதைச் செய்யவும் இதே தாக்க வடிப்பைப் பயன்படுத்தினார்கள். நிலத்தடித் தாங்கிகளில் இருந்து அது கசிந்து கிணறுகளுக்குள் போனது. 1996இல் கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்கா நகரம் தன் குடிநீர்க் கிணறுகள் பலவற்றை மூடவேண்டி வந்தது. 2004இல் இருந்து கலிபோர்னியா அந்தப் பொருளைப் பெற்றோலில் கலக்கத் தடை விதித்தது.

நாங்கள் தொழினுட்பத்துக்கு எதிரானவர்கள் இல்லை. எட்டுக் கோபுரத்தின் எரிபொருளை மிச்சம்பிடித்தவர்களைப் பாராட்டத்தான் வேணும். ஆனால் 'தூயது' எண்டு ஆராவது சொன்னால், தொழிற்சாலை வேலிக்குள்ள மட்டும் பார்த்துத் தலையாட்ட ஏலாது. மூலப்பொருள் எங்கயிருந்து வருது, செய்து முடிச்ச பொருள் ஆற்ற தண்ணிக்குள்ள போய்ச் சேருது எண்டும் கேக்கவேணும். அதைக் கேக்க இரசாயனப் பட்டம் தேவையில்லை. அந்தத் தண்ணியைக் குடிக்கிற எல்லாருக்கும் அந்த உரிமை இருக்கு.